தீர்ப்பு எழுதிய அமைச்சர்: வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவின் நான்காவது போக்குவரத்து அமைச்சர் வில்லியம் டி. கோல்மன் ஜூனியர் (1920–2017) பற்றி, சட்டமும் அரசுக் கொள்கையும் படிக்கிற வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த முறை. பதவி விட்டு இறங்கியவர்களுக்கான சட்டம், வரைவு விதிக்குக் கருத்து அனுப்பும் முறை என்று சில கேள்விகள் அவரைத் தாண்டியும் போகின்றன. அவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

கே.ஆர்., திருநெல்வேலி: கோல்மன் எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவர் இல்லை. பிறகு எப்படி அமைச்சரானார்?

அங்கே அமைச்சராவதற்குத் தேர்தல் தேவையில்லை. சொல்லப்போனால் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சராக விரும்பினால், ஜெயித்த இடத்தை ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர முடியும். ஜனாதிபதி பெயரை முன்மொழிவார். செனட்டின் குழு (போக்குவரத்துக்கு வணிகக் குழு) அவரை நேரில் உட்காரவைத்து விசாரிக்கும். சொத்து, பங்குகள், இயக்குநர் பதவிகள், வழக்கறிஞராக இருந்தால் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கே வெளியே வரும். அதன்பின் முழு செனட்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும். கோல்மன் பான் ஆம் விமான நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர். விமானத் துறையை மேற்பார்வை செய்யும் நாற்காலிக்கு அந்தப் பதவியோடு வர முடியாது.

ஜெரால்டு ஃபோர்டு அவரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னணி உண்டு. கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனில் ஃபோர்டு உறுப்பினர். கோல்மன் அதன் வழக்கறிஞர்களில் ஒருவர். 1975 மார்ச் 7-ல் பதவியேற்று 1977 ஜனவரி 20 வரை, இரண்டு வருடத்துக்கும் குறைவாகத்தான் இருந்தார். ராபர்ட் வீவருக்கு (1966) அடுத்து அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் இவர்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: அமைச்சராகும் முன் அவருடைய சட்ட வாழ்க்கை எப்படிப்பட்டது? போக்குவரத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

பிறந்தது பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இளங்கலை, பிறகு ஹார்வர்டு சட்டப் பள்ளி. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்ததால் ராணுவ விமானப் படைக்குப் போய்த் திரும்பி, 1946-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். முதலில் மேல்முறையீட்டு நீதிபதி ஹெர்பர்ட் குட்ரிச்சிடமும், 1948-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரிடமும் சட்ட உதவியாளர். உச்ச நீதிமன்றத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். நம் ஊர் வக்கீல் குமாஸ்தா வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இது ஒரு வருடப் பயிற்சிப் பணி. வந்து குவியும் மனுக்களைப் படித்து எது விசாரணைக்குத் தகும் என்று குறிப்பு எழுதுவது, வாதத்துக்கு முன் நீதிபதிக்குச் சுருக்கம் தருவது, தீர்ப்பு வரைவில் கை கொடுப்பது. கோல்மன் பிற்பாடு அமைச்சராக எழுதிய உத்தரவுகளைப் படித்தால், இந்த ஒரு வருடம் அவரை விட்டுப் போகவே இல்லை என்று தெரியும்.

இத்தனை தகுதி இருந்தும் பிலடெல்பியாவின் பெரிய சட்ட அலுவலகங்கள் தோல் நிறத்தைப் பார்த்துக் கதவை மூடின. அதனால் 1949-ல் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டிலிருந்து ரயிலில் போய் வந்தார். 1952-ல்தான் சொந்த ஊரில் டில்வொர்த் அலுவலகம் அவரைச் சேர்த்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ம் வருட பிரவுன் வழக்கில், தர்குட் மார்ஷல் அணியின் எழுத்து வாதங்களைத் தயாரித்தவர்களில் ஒருவர். கறுப்பர் - வெள்ளையர் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கிய ஃபுளோரிடா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1964-ல் ரத்து செய்தது. மெக்லாக்லின் வழக்கு எனப்படும் அதில் நேரில் நின்று வாதாடினார்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, பிலடெல்பியா நகரத்துக்கும் பின்னர் அந்த வட்டாரப் பொதுப் போக்குவரத்து ஆணையத்துக்கும் சிறப்பு வழக்கறிஞராக இருந்தவர். பஸ், டிராம், புறநகர் ரயில் ஒப்பந்தங்களும் கட்டணத் தகராறுகளும் அவருக்கு அத்துப்படி.

எம்.எஸ்., கோயம்புத்தூர்: ஒலியை விட வேகமாகப் பறக்கும் கான்கார்டு பயணிகள் விமானத்துக்கு அனுமதி தந்தது இவர்தானே? அனுமதி தந்த பிறகும் நியூயார்க்கில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இறங்க முடியாமல் போனது ஏன்?

இவர்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும் அனுமதி கேட்டிருந்தன. ஒரு பக்கம் சத்தம், புகை, ஓசோன் அடுக்கு பற்றிய பயம். மறுபக்கம் இரண்டு நட்பு நாடுகளின் கோபம், இருதரப்பு விமான ஒப்பந்தங்கள். இதுபோன்ற கோப்பு பொதுவாக அதிகாரிகள் மட்டத்தில் சுற்றிவிட்டு ஒரு பத்தி உத்தரவாக வெளியே வரும். கோல்மன் அப்படி விடவில்லை. 1976 ஜனவரி 5-ல் தானே தலைமை தாங்கிப் பொது விசாரணை நடத்தி, பிப்ரவரி 4-ல் காரணங்களை வரிசையாக எழுதிய நீண்ட உத்தரவை வெளியிட்டார். ஒவ்வொரு எதிர்ப்பையும் எடுத்துச் சொல்லி, ஏற்கிறேன் அல்லது ஏற்கவில்லை, ஏன் என்று பதில் எழுதும் தீர்ப்பு நடை அது.

உத்தரவின் உள்ளடக்கம் இதுதான். நிரந்தர அனுமதி இல்லை, 16 மாதச் சோதனை. நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் தினம் இரண்டு சேவை வரை, வாஷிங்டன் டலஸுக்கு தினம் ஒன்று. காலை 7 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் கூடாது. அமெரிக்க நிலப்பரப்பின் மேல் ஒலியின் வேகத்தைத் தாண்டக் கூடாது. நான்கு மாத முன்னறிவிப்பில் அனுமதியை ரத்து செய்யலாம். அவசர ஆபத்து என்றால் உடனே. 16 மாதம் என்பது சாமர்த்தியமான அளவு. நான்கு பருவங்களிலும் சத்தத்தை அளந்து முடித்து, அளந்ததைப் பரிசீலிக்கவும் மிச்ச நேரம் இருக்கும்.

டலஸில் 1976 மே 24-ல் விமானம் இறங்கிவிட்டது. காரணம் எளிது. டலஸ் அப்போது மத்திய அரசின் சொத்து, நிர்வகித்ததும் மத்திய அரசே. கென்னடி நிலையமோ நியூயார்க் - நியூஜெர்சி துறைமுக ஆணையத்தின் கையில். அவர்கள் 1976 மார்ச் 11-ல் தடை போட்டார்கள். விமானச் சத்தத்தில் உள்ளூர் அரசு பொதுநலன் காக்கும் அதிகாரத்தைக் காட்டித் தலையிட முடியாது என்று 1973-ல் பர்பாங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் நிலையத்தின் உரிமையாளர் என்ற முறையில் என்ன செய்யலாம் என்பதை ஓர் அடிக்குறிப்பில் திறந்தே விட்டுவிட்டது. கோல்மனும் தன் உத்தரவில் அந்தக் கதவை இழுத்துச் சாத்தவில்லை. துறைமுக ஆணையம் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

வழக்கு இரண்டு சுற்று போனது. இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் சொன்னது: உரிமையாளர் சத்த விதி போடலாம், ஆனால் அது நியாயமானதாக, பாரபட்சமற்றதாக, நினைத்தபடி மாற்றாததாக இருக்க வேண்டும். ஆணையத்திடம் ஏற்கனவே 112 பிஎன்டிபி (காதுக்குப் படும் விமானச் சத்தத்தை அளக்கும் டெசிபல் அலகு) என்ற பொது அளவு இருந்தது. கான்கார்டு அந்த அளவுக்குள் பறப்போம் என்றது. ஆணையமோ புது அளவு வகுக்கிறோம் என்று மாதக்கணக்கில் இழுத்தது. இரண்டாம் சுற்றில் நீதிமன்றத்தின் பொறுமை போய்விட்டது. காரணமில்லாத தாமதம் என்று தடையை எடுத்தது. 1977 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நவம்பர் 22-ல் பயணிகள் சேவை ஆரம்பம்.

இதில் கோல்மனைக் குறை சொல்பவர்கள் உண்டு: மத்திய அதிகாரத்தைத் தெளிவாக எழுதியிருந்தால் வழக்கே வந்திருக்காது என்று. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படி எழுதியிருந்தால், சத்தத்துக்கான நஷ்டஈடு கேட்டு விமான நிலையத்தைச் சுற்றியுள்ளவர்கள் மத்திய அரசின் வாசலுக்கே வந்திருப்பார்கள்.

பொறியாளர், திருச்சி: வர்ஜீனியாவில் "கோல்மன் முடிவு" என்று ஒரு நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்கிறார்கள். அது என்ன?

இன்டர்ஸ்டேட் 66-ன் கடைசித் துண்டு. வாஷிங்டனைச் சுற்றியுள்ள வட்டச் சாலைக்கு உட்புறம், ஆர்லிங்டன் வழியாகப் போவது. 1975-ல் இந்தத் திட்டத்தை கோல்மன் முதலில் நிராகரித்தார். வர்ஜீனியா மாநிலம் சிறிய வடிவில் மறுபடி கொண்டுவந்தபோது, 1977 ஜனவரி 5-ல், பதவி முடிய இரண்டு வாரம் இருக்கையில், நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். மொத்தம் நான்கு தடத்துக்கு மேல் கூடாது. கனரக லாரிகளுக்கு இடமில்லை. நெரிசல் நேரத்தில், கூட்டம் போகும் திசையில், குறைந்தது நான்கு பேர் ஏறிய கார்கள் மட்டும். சாலையின் நடுத்திட்டில் மெட்ரோ ரயிலுக்கு இடம் விட வேண்டும்.

1982 டிசம்பரில் சாலை திறந்தது. நான்கு பேர் என்ற விதி ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. சாலை காலியாகக் கிடக்கிறது என்ற கூச்சலில் 1983-ல் மூன்றாகவும், 1995-ல் இரண்டாகவும் இறங்கியது. 2017 டிசம்பர் முதல் நெரிசல் நேரச் சுங்கமும் உண்டு. ஆள் எண்ணிக்கை நிபந்தனை இப்படிக் கரைவது அமெரிக்காவில் வழக்கம்தான், ஏனென்றால் அதை மாற்ற ஒரு அறிவிப்புப் பலகை போதும். தடத்தின் எண்ணிக்கை, நடுத்திட்டில் ஓடும் ரயில் இரண்டும் கான்கிரீட்டில் எழுதப்பட்டவை. பல பத்தாண்டுகள் தாங்கின. லாரித் தடையும் தாங்குகிறது, அதற்குக் காவலாக அக்கம்பக்கத்தார் இருப்பதால். நிபந்தனை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

வி.என்., சேலம்: ஏர்பேக் கட்டாயமாவதைத் தள்ளிப்போட்டவர் கோல்மன் என்று படித்தேன். உயிர் காக்கும் விஷயத்தில் இப்படிச் செய்யலாமா?

தள்ளிப்போட்டது உண்மை. ஆனால் ஏன் என்பதைப் பார்க்க வேண்டும். 1974 மாடல் கார்களில், முன் இருக்கையில் உள்ளவர் பெல்ட் போடாவிட்டால் எஞ்சினே கிளம்பாத பூட்டு ஒன்று வந்தது. இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கார் அடம் பிடிக்கும். ஜனங்கள் கொதித்ததில், அந்த வருடமே காங்கிரஸ் சட்டம் போட்டு அதை ஒழித்தது. ஏர்பேக்குக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது என்பது கோல்மனின் கவலை. தொழில்நுட்பம் தயார், ஜனங்கள் தயாரில்லை என்பதுதான் 1976 டிசம்பர் 6-ம் தேதி முடிவின் சாரம். அதற்கு மாற்றாக, கார் கம்பெனிகள் தாமாக ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் கார்கள் வரை ஏர்பேக் போன்ற தானியங்கிப் பாதுகாப்போடு விற்றுக் காட்டும் திட்டத்தை முன்வைத்தார். ஜெனரல் மோட்டார்ஸ் அதுவரை விற்றிருந்தது சுமார் 10,000 ஏர்பேக் கார்கள்தான்.

பிறகு நடந்தது: அடுத்த அமைச்சர் பிராக் ஆடம்ஸ் 1977-ல் சோதனைத் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1982 மாடலிலிருந்து படிப்படியாகக் கட்டாயம் என்றார். ரீகன் அரசு 1981-ல் அதை முழுக்க ரத்து செய்தது. காப்பீட்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1983 ஜூன் 24-ல் ஸ்டேட் ஃபார்ம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏர்பேக் மட்டும் கட்டாயம் என்ற வழியைப் பரிசீலிக்கக்கூடச் செய்யாமல் ரத்து செய்தது காரணமற்ற செயல் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது. ஒரு விதியை எடுக்கவும், போடுவதற்குச் சொன்ன அளவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இன்றுவரை அமெரிக்க நிர்வாகச் சட்டத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் என்பது 1991-ல் காங்கிரஸ் இட்ட சட்டத்தின்படி 1998 மாடல் கார்களில்தான் முழுமையானது.

எங்கள் கருத்து: கோல்மனின் பயம் நியாயமானது, தேர்ந்தெடுத்த கருவி பலவீனமானது. கட்டாய விதி இருந்தால் அடுத்த அரசு அதை எடுக்கப் பாடுபட வேண்டும். தன்னார்வ ஒப்பந்தமோ ஆள் மாறியதும் ஆவியாகிவிடும். ஆனதும் அப்படித்தான்.

வழக்கறிஞர், சென்னை: பதவி முடிந்ததும் அவர் நேராகப் பெரிய சட்ட நிறுவனத்துக்குப் போனார். இதற்குத் தடை இல்லையா? இப்போதைய விதிகள் என்ன?

ஓ'மெல்வெனி அண்ட் மையர்ஸ் நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் மூத்த பங்குதாரராகச் சேர்ந்தார். வேலைக்குச் சேர அன்றும் தடை இல்லை, இன்றும் இல்லை. தடை, அரசிடம் திரும்பிப் போய்ப் பேசுவதற்குத்தான். அவர் காலத்தில் இரண்டே தடைகள்: தானே கையாண்ட விவகாரத்தில் ஆயுள் முழுக்க, தன் பொறுப்பின் கீழ் இருந்த விவகாரத்தில் ஒரு வருடம். நிக்சன் பதவியிழந்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-ம் வருடச் சட்டம் இதை இறுக்கியது.

இன்றைக்கு அமெரிக்கக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 207-ம் பிரிவுப்படி நிலைமை இது. குறிப்பிட்ட தரப்பினர் உள்ள விவகாரத்தில் (ஒப்பந்தம், உரிமம், வழக்கு, மானியம்) நீங்கள் நேரடியாக, கணிசமாகப் பங்கெடுத்திருந்தால், வேறொருவருக்காக அதே விவகாரத்தில் மத்திய அதிகாரி முன்னோ நீதிமன்றத்திலோ வாழ்நாளில் வாய் திறக்க முடியாது. கடைசி ஒரு வருடத்தில் உங்கள் பொறுப்பில் இருந்ததற்கு இரண்டு வருடத் தடை. உயர் அதிகாரி என்றால், எந்த விஷயமானாலும் பழைய துறையை ஒரு வருடம் அணுகக் கூடாது. அமைச்சர் என்றால் இரண்டு வருடம், அதுவும் மற்றத் துறைகளின் உச்சப் பதவியினரையும் சேர்த்து. வெளிநாட்டு அரசுக்காக ஒரு வருடம் ஆலோசனைகூடச் சொல்லக் கூடாது. மீறினால் ஒரு வருடச் சிறை, தெரிந்தே செய்தால் ஐந்து வருடம்.

சறுக்குகிற இடங்கள் மூன்று. முதலாவது, பொது விதி உருவாக்கம் பெரும்பாலும் "குறிப்பிட்ட தரப்பினர்" கணக்கில் வராது. ஏர்பேக் விதியை எழுதிய அதிகாரி, தடைக்காலம் தாண்டியபின் கார் கம்பெனிக்காக அதே விதியைப் பற்றிப் பேசலாம். ஆனால் குறிப்பிட்ட மாடல் ஒன்றின் குறைபாட்டு விசாரணையைக் கையாண்டிருந்தால் ஆயுள் தடை. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய. இரண்டாவது பணம். பங்குதாரராகச் சேரும்போது நிறுவனத்தின் மொத்த லாபத்தில் பங்கு வரும். நீங்கள் அரசில் இருந்த நாட்களில் அந்த நிறுவனம் மத்திய அரசு முன் ஆஜரானதற்கான கட்டணம் அதில் கலந்திருந்தால் 203-ம் பிரிவு பாயும். அதனால் முதல் வருடம் நிலையான சம்பளம் வாங்குவதே வழக்கம். மூன்றாவது, பதவியில் இருக்கும்போதே வேலைப் பேச்சைத் தொடங்குவது. உயர் அதிகாரிகள் பேச்சு தொடங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் துறையின் நெறிமுறை அதிகாரிக்கு எழுதித் தந்து, அந்த நிறுவனம் சம்பந்தப்பட்ட கோப்புகளிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பதவியை விட்டபின் 30 நாளுக்குள் இறுதிச் சொத்து அறிக்கை தர வேண்டும்.

இதுதவிர வழக்கறிஞர் சங்க விதி உண்டு. முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவர் சேர்ந்ததால் நிறுவனம் முழுவதுமே அந்த வழக்கை இழக்க வேண்டியதில்லை. அவரைக் கோப்பிலிருந்து உடனே தடுத்துவைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு தராமல், துறைக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். அவர் சேர்ந்த நாளே இதைச் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு மனு போட்ட பிறகு செய்தால் நீதிபதிகள் ஏற்பதில்லை.

ஆசிரியை, நாகர்கோவில்: அரசாங்கமே தன் பக்கம் வாதாட மறுத்த வழக்கில் கோல்மன் வாதாடினார் என்பது நிஜமா?

நிஜம். தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், மாணவர்கள் இனம் கலந்து பழகுவதைத் தடை செய்திருந்தது. அதற்காக வருமான வரித்துறை அதன் வரிவிலக்கைப் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டிய நேரத்தில், 1982 ஜனவரியில், ரீகன் அரசு தன் நிலைப்பாட்டை மாற்றி, வரித்துறைக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்றால் வாதம் ஏது? அதனால் நீதிமன்றமே கோல்மனை அழைத்து, கீழ்க் கோர்ட் தீர்ப்பை ஆதரித்து வாதாடச் சொன்னது. இப்படி நியமிக்கப்படுபவருக்குக் கட்டணம் கிடையாது. 1983 மே 24-ல் எட்டுக்கு ஒன்று என்று அவர் வாதம் வென்றது. குடியரசுக் கட்சி அமைச்சராக இருந்தவர், குடியரசுக் கட்சி அரசின் நிலைப்பாட்டை எதிர்த்து நின்றார். 1995-ல் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் அவருக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அளித்தார்.

எஸ்.பி., எடிசன், நியூஜெர்சி: அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வரைவு விதி வெளியிடும்போது என்னைப் போன்ற சாதாரண ஆள் கருத்து அனுப்பினால் படிப்பார்களா? நான் குடியுரிமை பெற்றவனும் இல்லை.

குடியுரிமை தேவையில்லை. 1946-ம் வருட நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, சம்பந்தமுள்ள யார் அனுப்பினாலும் துறை பரிசீலிக்க வேண்டும். ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற தினசரி அரசிதழில் வரைவு வரும். மேலே துறையின் சுருக்கப் பெயர், வருடம், எண் சேர்ந்த கோப்பு எண் இருக்கும். அதை ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் அடித்தால் கோப்பு திறக்கும். முக்கியமான விதிகளுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம். அது தாண்டினால் முடிந்தால் பார்க்கிறோம் என்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

எழுதும்போது எந்த விதிப் பிரிவு, என்ன மாற்ற வேண்டும், ஏன், ஆதாரம் என்ன என்ற வரிசை போதும். போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள வாகனப் பாதுகாப்பு ஆணையம் முதன்மைக் கருத்தை 15 பக்கத்துக்குள் கேட்கிறது, இணைப்புகளுக்கு அளவில்லை. வரைவின் நடுவில் துறையே எண் போட்டுக் கேள்விகள் கேட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துப் பதில் எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு உங்கள் கருத்து எங்கே போக வேண்டும் என்று உடனே தெரியும். ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அது ஒரு கருத்தாகத்தான் எடைபோடப்படும், இது வாக்கெடுப்பு அல்லவே. அனுப்புவது எல்லாம் உலகம் பார்க்க ஏறும். வீட்டு முகவரி, தொலைபேசி எண் உள்ளே எழுத வேண்டாம். வியாபார ரகசியம் இருந்தால் அதைத் தளத்தில் ஏற்றாமல், துறையின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பும் வழி உண்டு.

படித்தார்களா என்று தெரிந்துகொள்ள, இறுதி விதி வந்ததும் அதன் முன்னுரையைத் திறந்து பாருங்கள். விதி வாசகம் சில பக்கம்தான் இருக்கும். அதற்கு முன்னால் வந்த கருத்துகளுக்கான பதில் பக்கம் பக்கமாக ஓடும். நீங்கள் எழுப்பிய முக்கியமான ஆட்சேபம் அங்கே பதிலில்லாமல் விடுபட்டிருந்தால், விதியை எதிர்த்து வழக்குத் தொடுப்பவர்கள் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.